பெட்டி அவருக்கு, இழுப்பறை எனக்கு

அந்த ஏலத்தில் நான் தோற்றதற்கு ஒரு ரூபாய்தான் காரணம். ஒரு ரூபாய் குறைந்து தோற்றேன் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு ரூபாய் சேர்த்துப் போடப் போய்த் தோற்றேன். வீட்டுக்கு யார் வந்தாலும் என் கணவர் இதைச் சொல்லிச் சிரிக்கிறார். கணக்கு வாத்தியார் அல்லவா, ஒன்று என்ற எண்ணின் மேல் அவருக்குத் தனிப் பிரியம். அவர் கண் காது மூக்கு வைத்துச் சொல்வதற்கு முன்னால் நானே உள்ளபடி எழுதிவிடுவது நல்லது.

கல்யாணத்துக்கு முன்னால் நான் ஓசூரில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் இருந்தேன். டிப்ளமோ முடித்த கையோடு போனவள், ஆறு வருடம் அங்கே ஸ்கோப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். ஸ்கோப் என்றால் மின்சாரம் ஏறி இறங்குவதைத் திரையில் ஒரு கோடாக வரைந்து காட்டும் கருவி. மல்டிமீட்டர் இத்தனை வோல்ட் என்று எண்ணைச் சொல்லிவிட்டுப் போய்விடும். ஸ்கோப் அந்த வோல்ட் எப்படி நடந்து வருகிறது, எங்கே தடுக்கி விழுகிறது என்று காட்டும். வரிசையாக வருகிற மின்சுற்றுப் போர்டுகளைப் பார்த்து இது சரி, இது சரியில்லை என்று நான் சொன்னால் சூப்பர்வைசர்கூட மறுபேச்சுப் பேச மாட்டார். எனக்கு இருக்கும் வாய்த் துடுக்கு அங்கே வளர்ந்ததுதான்.

பிறகு ஆவூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தேன். பிள்ளைகள், மாமனாரின் படுக்கை, பள்ளிக்கூடம் என்று பதினெட்டு வருடம் ஓடிப்போயிற்று. கையும் சும்மா இருக்கவில்லை. தெருவில் உள்ள மிக்ஸி, எமர்ஜென்சி லைட், கோயில் மைக்செட், எல்லாம் என் சமையலறை மேசைக்கு வந்து போயின. செய்துகொடுத்தால் ஒரு கூறு முருங்கைக்காயோ நாலு முட்டையோ வரும். சார் வீட்டம்மாவுக்குப் பொழுது போகவில்லை, எதையாவது நோண்டிக்கொண்டே இருக்கும் என்று ஊரில் பேச்சு. அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. பொழுது போகாமல் யாராவது ஈயம் உருக்கிப் பற்றவைக்கிற சால்டர் புகையை முகர்வார்களா?

இப்படி இருக்கையில் புதுக்கோட்டையிலிருந்து ஒரு சோலார் பம்பு டீலர் எங்கள் பள்ளிக்கூடத்துக் கூரையில் பேனல் போட வந்தார். பேச்சுவாக்கில், தான் விற்ற பம்புகளின் கன்ட்ரோலர் போர்டுகள் அடிக்கடி போய்விடுகின்றன, கோயமுத்தூருக்கு அனுப்பினால் வர ஒரு மாதம் ஆகிறது, அதற்குள் விவசாயி வந்து கடை வாசலில் உட்கார்ந்துவிடுகிறார் என்று புலம்பியிருக்கிறார். என் கணவருக்கு எப்போதும் வாய் சும்மா இருக்காது. எங்கள் வீட்டில் பார்ப்பார்கள் என்று சொல்லிவிட்டார். மறுநாளே டீலர் மூன்று போர்டுகளை ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

"இந்த மாசக் கடைசிக்குள்ள மூணையும் ஓட்டிக் காட்டுங்கம்மா. காட்டிட்டா மாவட்டத்துப் போர்டெல்லாம் ஒங்ககிட்டதான் வரும். இல்லைன்னா வழக்கம்போலக் கோயமுத்தூர்தான்" என்றார்.

அவர் போனபிறகு கொஞ்ச நேரம் அந்தப் பையைத் தொடாமலே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு நாற்பத்து மூன்று வயது. முட்டைக்கும் முருங்கைக்காய்க்கும் இல்லாமல், வேலை என்று ஒன்று என்னைத் தேடி வாசல் வரைக்கும் வந்திருக்கிறது. இதை விட்டால் இன்னொன்று வராது. எனக்கு அந்த வேலை வேண்டும் என்று அத்தனை ஆசையாக இருந்தது, சொல்லக் கூச்சமாகவும் இருந்தது.

மல்டிமீட்டரை வைத்துக்கொண்டே முதல் போர்டைத் தைரியமாகப் பிரித்தேன். சந்தேகப்பட்டதை எல்லாம் மாற்றினேன். கரண்ட் கொடுத்தேன். கண் சிமிட்டும் நேரம் ஓடியது, அப்புறம் தீபாவளி வெடி போட்டதுபோல ஒரு சத்தம். அடுப்படி முழுக்கப் புகை. அந்தப் போர்டில் ஆறு ஸ்விட்சுகள் மாறி மாறித் திறந்து மூட வேண்டும். அவற்றைத் தட்டி எழுப்பும் துடிப்பு ஒன்றில் கோளாறு இருந்தாலும் எல்லாம் சேர்ந்து எரிந்துபோகும். அந்தத் துடிப்பு ஒழுங்காக வருகிறதா என்று மல்டிமீட்டரில் தெரியாது, ஸ்கோப்பில்தான் தெரியும். புது ஸ்கோப் விலை எங்கள் வீட்டுக்குக் கட்டுப்படியாகாது. ஆகவே நான் ஏலத்துக்குப் போனேன்.

இணையத்தில் பழைய கருவிகளை ஏலம் விடும் தளங்கள் எனக்குப் புதிது அல்ல. அதற்கு முன்பே இரண்டு தடவை வாங்கிச் சூடு பட்டிருக்கிறேன். அந்தத் தளங்களில் எழுதுவதைப் படிக்கத் தனிப் பழக்கம் வேண்டும். 'சோதிக்கப்படவில்லை' என்றால் சோதித்தார்கள், ஓடவில்லை என்று பொருள். 'ஓடும் நிலையில் எடுக்கப்பட்டது' என்றால் போன தலைமுறையில் ஓடியது. 'நல்ல நிலை' என்று இருந்தால் பெயின்ட் நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான். இந்தப் பாடத்தை எல்லாம் படிப்பதற்கு முன்னால் நான் வாங்கிய ஒரு சிக்னல் ஜெனரேட்டருக்குள் ஒரு பல்லிக் குடும்பமே காய்ந்து கிடந்தது. என் கணவர் எட்டிப் பார்த்துவிட்டு, பல்லி எல்லாம் இலவசமா என்று கேட்டார். நான் அன்றைக்கு அவருக்குக் காப்பி போடவில்லை.

திருச்சிப் பக்கம் ஒரு தனியார் கல்லூரி மூடிப்போய், அதன் ஆய்வுக்கூடத்துச் சாமான்கள் ஏலத்துக்கு வந்தன. மேசை, நாற்காலி, மின்விசிறிகளுக்கு நடுவில் ஒரு படம். நான் ஓசூரில் ஆறு வருடம் பார்த்த அதே மாடல் ஸ்கோப். பழைய காலத்து ஆகிருதி, ஒரு ஆள் தனியாகத் தூக்க முடியாது. அதன் அமைப்பு ஒரு தினுசு. திரையும் மின்சாரப் பகுதியும் இருக்கும் பெரிய பெட்டி ஒன்று. அதன் முன்பக்கம் மூன்று பொந்துகள். அவற்றுக்குள் மேசை இழுப்பறைபோலச் செருகும் மூன்று பகுதிகள். நாம் ஒயர் மாட்டுவது, திருகுவது, அளப்பது எல்லாம் அந்த இழுப்பறைகளில்தான். பெட்டி இல்லாமல் இழுப்பறைக்கு வேலையில்லை. இழுப்பறை இல்லாமல் பெட்டி வெறும் பெட்டி.

ஏலக்காரப் புண்ணியவான்களுக்கு இது தெரியவில்லை. இழுத்தால் வருகிறதே என்று தனித்தனியாகக் கழற்றி, இழுப்பறைகளை 'உதிரி மின் பெட்டிகள், மூன்று' என்று ஒரு லாட்டாகவும், பெரிய பெட்டியை 'பழைய டிவி போன்ற கருவி' என்று இன்னொரு லாட்டாகவும் போட்டிருந்தார்கள். இழுப்பறை ஏலம் பதினொரு மணிக்கு முடிகிறது. பெட்டி பன்னிரண்டு மணிக்கு. இதைப் புரிந்துகொண்டவள் இந்த உலகத்தில் நான் ஒருத்திதான் என்று எனக்கு ஒரே பெருமை.

அன்றைக்கு உலை வைத்துவிட்டுப் போனும் கையுமாக உட்கார்ந்தேன். இழுப்பறைக்கு என்னைத் தவிர யாரும் கேட்கவில்லை. ஐநூற்று ஒன்று என்று போட்டேன், கிடைத்துவிட்டது. அந்த ஒன்று எதற்கு என்று கேட்டால், எதற்கும் இல்லை. மொய் எழுதினாலும் சரி, காணிக்கை போட்டாலும் சரி, நல்ல காரியத்துக்கு மொட்டையாக வைக்கக் கூடாது. ஒரு ரூபாய் கூட வைத்தால்தான் எனக்குக் கை வரும். கம்ப்யூட்டருக்கு மங்களம் தெரியுமா என்று என் கணவர் கிண்டல் செய்வார். கம்ப்யூட்டருக்குத் தெரியாவிட்டால் போகட்டும், எனக்குத் தெரிகிறதே.

பெட்டி ஏலத்தில்தான் வம்பு வந்தது. நான் மூவாயிரத்து ஒன்று என்றேன். யாரோ மூவாயிரத்து ஐநூற்று ஒன்று என்றார்கள். நான் நாலாயிரத்து ஒன்று. அந்தப் பக்கம் நாலாயிரத்து ஐநூற்று ஒன்று. பெயர் எதுவும் காட்ட மாட்டார்கள், 'ஏலதாரர் இரண்டு' என்று மட்டும் வரும். எவரோ நம்ம ஆள்தான் என்று எனக்குப் பட்டது. டெல்லியில் பழைய இரும்பு வாங்குகிற கம்பெனி எதற்கு மெனக்கெட்டு ஒரு ரூபாய் சேர்க்கப்போகிறது? நம்ம ஆள் என்றதும் பாசம் வர வேண்டும். எனக்குக் கோபம்தான் வந்தது.

ஐயாயிரம், ஆறாயிரம் என்று ஏறி, கடைசியில் ஏலதாரர் இரண்டு ஒன்பதாயிரத்து அறுநூற்று ஒன்றில் வந்து நின்றார். என் கையில் இருந்தது பத்தாயிரமும் சொச்சமும்தான். இன்னும் இருபது விநாடி இருந்தது. பத்தாயிரம் என்று அடித்தேன். பொத்தானை அமுக்கப் போகிற நேரத்தில் அந்த நாலு சுழியும் என் கண்ணில் பட்டன. மொட்டைத் தொகை. இழவு வீட்டில்தான் இப்படிக் கொடுப்பார்கள். கை தானாகத் திரும்பிப் போய்க் கடைசிச் சுழியை அழித்து ஒன்று போட்டது. விரல் ஈரம், இரண்டு ஒன்று விழுந்துவிட்டது. ஒன்றை அழித்தேன். பன்னிரண்டு மணிக் கோயில் மணி அடித்தது. 'ஏலம் முடிந்தது' என்று திரையில் வந்துவிட்டது.

சோறு குழைந்துபோயிருந்தது. சாப்பாட்டுக்கு வந்த என் கணவரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிக்கக் கூடாது என்றுதான் பார்த்தார் பாவம், முடியவில்லை. நான் பிடித்துக்கொண்ட பிடியில் ஏலக்காரர், கல்லூரிக்காரர், போன் கம்பெனி, ஏலதாரர் இரண்டு, அவரைப் பெற்றவர்கள், யாரும் தப்பவில்லை. பிறகு அழுதேன். மாதக் கடைசிக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. கையில் மூன்று போர்டும், எதற்கும் ஆகாத மூன்று இழுப்பறையும்.

எடுக்காவிட்டால் முன்பணம் போய்விடும் என்பதால் சனிக்கிழமை காலையில் இழுப்பறைகளை வாங்கத் திருச்சி பஸ் ஏறினேன். கல்லூரி மைதானத்தில் ஒரு கொட்டகையில் கிளார்க் ஒருவர் உட்கார்ந்து பெயர் பதிந்துகொண்டிருந்தார். எனக்கு முன்னால் வேட்டியும் அரைக்கைச் சட்டையுமாக ஒருவர், ஐம்பத்தைந்து வயது இருக்கும், சட்டைப் பையில் நீளமான ஒரு ஸ்க்ரூ டிரைவர். கிளார்க் அவர் சீட்டைப் பார்த்து, ஒன்பதாயிரத்து அறுநூற்று ஒன்று, கறம்பக்குடி என்று உரக்கப் படித்தார். என்னைத் தோற்கடித்த தொகை. அடுத்தது என் சீட்டு. ஐநூற்று ஒன்று, ஆவூர் என்று படித்தார். வேட்டிக்காரர் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார்.

"அந்த இன்னொரு ஒரு ரூவா நீங்கதானா?" என்று கேட்டார்.

நான்தான் என்றேன். ஒரே மாவட்டத்தில் கிழக்குக் கோடியில் அவர், மேற்குக் கோடியில் நான், இரண்டு பேரும் போனில் முட்டிக்கொண்டிருக்கிறோம். அவர் கறம்பக்குடியில் கதிர் அறுக்கும் இயந்திரம், மோட்டார் ஸ்டார்ட்டர், வெல்டிங் செட் எல்லாம் பழுது பார்க்கிறவர். அந்தப் பக்கம் மொய் விருந்து வைத்துப் பழகியவர்களுக்கு ஒரு ரூபாய் விரல் நுனியிலேயே இருக்கும் போலிருக்கிறது, என்னைப்போல ஈர விரலில் தடுமாறாமல் அவருக்கு ஒழுங்காக விழுந்திருக்கிறது.

பெட்டியை வெளியே கொண்டுவந்து வைத்தார்கள். அவர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். முன்பக்கம் மூன்று பொந்தும் இருட்டாக இருந்தது. திருட்டுப் போகாமல் இருக்கக் கழற்றி வைத்திருக்கிறீர்கள், அதையும் கொடுங்கள் என்று கிளார்க்கிடம் கேட்டார். கிளார்க் என் கையில் இருந்த மூன்றைக் காட்டினார்.

அதற்குப் பிறகு அரைமணி நேரம் நாங்கள் பேசியதை இங்கே முழுக்க எழுத முடியாது. பெட்டியை எனக்கு விற்கச் சொன்னேன், மாட்டேன் என்றார். இழுப்பறையைத் தனக்குக் கேட்டார், அதற்கு நான் மாட்டேன். இரண்டு மடங்கு தருவதாகச் சொன்னார். எத்தனை மடங்கு தந்தாலும் இதில் வெங்காயம் போட்டு வைத்துக்கொள்வேனே தவிரத் தரமாட்டேன் என்றேன். அப்படியானால் தானும் பெட்டிக்குள் கோழியை அடைக்கப்போவதாகச் சொன்னார். கிளார்க் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு அங்கிட்டுப் போய்விட்டார்.

கடைசியில் அவர்தான் குரலை இறக்கினார். இந்த மாசக் கடைசிக்குள் மூன்று போர்டை ஓட்டிக் காட்டியாக வேண்டும், காட்டினால் மாவட்டத்துப் போர்டெல்லாம் தனக்கு வரும், இல்லையென்றால் கோயமுத்தூர் போய்விடும், அதனால்தான் தனக்கு விட்டுக்கொடுக்க முடியவில்லை என்றார். அதே வார்த்தைகள். எந்தக் கடை என்று கேட்டேன். அதே கடை. அதே டீலர், அதே துணிப்பை, அவரிடமும் மூன்று போர்டு, பெட்டியில் மாட்டிப் பார்க்கக் கையோடு கொண்டுவந்திருந்தார்.

அதுவரை ஒருவர் மேல் ஒருவர் கொட்டியதை எல்லாம் சேர்த்து டீலர் மேல் கொட்டினோம். திட்டத் திட்ட மனசு லேசாகிவிட்டது. எனக்கு ஒருவரைப் பிடித்துப்போவதற்கு இதைவிட வேறு வழி கிடையாது. நான் திட்டுகிற ஆளை அவரும் சேர்ந்து நன்றாகத் திட்ட வேண்டும். ஆவூர்தான் பக்கம், பெட்டியை அங்கே கொண்டுபோய் மாட்டிப் பார்ப்போம், மற்றதைப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்றேன். அவர் யோசித்து, தலையைச் சொறிந்து, சரி என்றார். லோடு ஆட்டோவில் பெட்டியை ஏற்றி, அது ஆடாமல் இருக்க அவர் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டே வந்தார்.

வீட்டுக்கு வந்தால் என் கணவர் மீன் வாங்கி வைத்திருக்கிறார். வந்தவரோ, அதற்குள் எனக்கு அண்ணன் ஆகிவிட்டவர், சனிக்கிழமை கவிச்சி தொடாதவர். அண்ணனுக்குத் தனியாகத்தான் சமைக்க வேண்டும் என்றதும், கணக்கு வாத்தியார் மீனை ஃபிரிட்ஜில் தள்ளிவிட்டு ரசத்துக்குப் புளி கரைத்தார். ஏலதாரர் இரண்டு வந்துவிட்டார் என்று அவர் முகத்தில் அப்படி ஒரு மகிழ்ச்சி.

இழுப்பறைகளைச் செருகி ஸ்விட்சைப் போட்டோம். திரை இருட்டாகவே இருந்தது. அண்ணன் சட்டைப் பையிலிருந்து அந்த நீள ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். முனையைப் பெட்டிக்குள் ஒவ்வோர் இடமாக வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்டார். ஓரிடத்தில் நிறுத்தி, இது முனகுகிறது என்றார். எனக்கும் கேட்கச் சொல்லிக் கொடுத்தார். எனக்கு ஊரில் உள்ள எல்லாச் சத்தமும் கேட்டது, அந்த முனகலைத் தவிர. கழற்றிப் பார்த்தால் அவர் சொன்ன இடத்தில், மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் ஒரு பெரிய கெபாசிட்டர் வயிறு உப்பிக் கிடந்தது. வேறொன்றைப் போட்டார். இழுப்பறைகளின் முனையில் இருந்த தகடுகள் கறுத்திருந்தன. பள்ளிக்கூட ரப்பரை எடுத்து நான் அழுத்தித் தேய்த்தேன். ஓசூரில் கற்ற வித்தை.

மறுபடி ஸ்விட்சைப் போட்டோம். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு திரையின் நடுவில் பச்சையாக ஒரு கோடு மெல்லத் தெளிந்து வந்தது. நான் பதினெட்டு வருடமாகப் பார்க்காத கோடு. நேராக, அசையாமல் நின்றது. நான் அழுவதைப் பார்த்து என் கணவர் கரண்டியோடு ஓடிவந்தார். கோடு வந்துவிட்டது என்றேன். அவருக்கு விளங்கவில்லை, ஆனாலும் பக்கத்திலேயே நின்றார்.

இலை போட்டுச் சாப்பிட்டபிறகு போர்டுகளை எடுத்தோம். முதலில் அவருடையவை. அப்போதுதான் ஒன்று தெரிந்தது. அண்ணனுக்கு ஸ்கோப் பார்க்கத் தெரியாது. பெட்டியை வாங்கி வைத்துவிட்டால் பழுது எங்கே என்று அதுவே காட்டிவிடும் என்று நினைத்திருக்கிறார். அதைச் சொல்ல அவருக்கு வெட்கம். எதற்கு எந்தத் திருகு என்று கேட்காமல், நான் திருகுவதைத் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார். அதைப் பார்த்ததும் என் மனசுக்குள் ஒரு கெட்ட எண்ணம் வந்துபோனது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இவர் போர்டை நான் ஏன் பார்க்க வேண்டும், என்னுடைய மூன்றை முடித்துக்கொண்டு இழுப்பறையை உருவிக்கொண்டால் மாவட்டமே எனக்கு. ஒரு நிமிஷம் அப்படி நினைத்தேன். பிறகு அந்த முனகல் நினைவுக்கு வந்து, எனக்கே என் மேல் எரிச்சலாக இருந்தது.

ஆறு துடிப்பில் ஐந்து, சுவர் வைத்த மாதிரி நேராக ஏறி நேராக இறங்கின. ஆறாவது தோள் சரிந்து ஏறியது. இதுதான் போர்டை எரிப்பது என்று திரையில் விரல் வைத்துக் காட்டினேன். அண்ணன் வாயில் இருந்த வெற்றிலையை மெல்லாமல் நின்றார். அந்தத் துடிப்புக்குப் பக்கத்தில் இருந்த சின்னக் கெபாசிட்டர் காய்ந்துபோயிருந்தது. அவர் சால்டர் வைத்தார். அவர் வைக்கிற சால்டர் அவ்வளவு சுத்தம், மணிபோல உட்கார்ந்தது, ஓசூரில்கூட நான் அப்படிப் பார்த்ததில்லை. மறுபடி பார்த்தால் ஆறும் நேர். அந்தச் சனிக்கிழமையும், அண்ணன் பஸ்ஸில் வந்துபோன அடுத்த நாலைந்து நாளுமாக ஆறு போர்டையும் முடித்தோம். இரண்டில் பழுதை அவர் காது கண்டுபிடித்தது, நாலில் என் கண். நான் வெடிக்க வைத்த போர்டும் அதில் உண்டு. பெட்டியை என்ன செய்வது என்பதற்கும் முடிவு வந்துவிட்டது. கண்மாய்த் தண்ணீருக்கு முறை வைக்கிறதுபோல, பதினைந்து நாள் ஆவூரில், பதினைந்து நாள் கறம்பக்குடியில். ஸ்கோப் பார்க்க நான் சொல்லித் தருவது, முனகல் கேட்க அவர் சொல்லித் தருவது. முதலாவது நடந்துவிட்டது. இரண்டாவது எனக்கு இன்னும் வரவில்லை.

அடுத்த திங்கட்கிழமை இரண்டு பேரும் ஒன்றாகவே புதுக்கோட்டைக் கடைக்குள் நுழைந்தோம். எங்களைச் சேர்த்துப் பார்த்ததும் டீலருக்கு முகம் விளக்கெண்ணெய் குடித்தமாதிரி ஆயிற்று. யார் முடிப்பார்கள் என்று தெரியாததால்தான் இரண்டு இடத்தில் கொடுத்தேன் என்று இழுத்தார். நான் பஸ்ஸில் வரும்போதே அடுக்கி வைத்திருந்ததை எல்லாம் வரிசையாகச் சொன்னேன். கடைக்கு வந்திருந்த ஒரு விவசாயி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக் கேட்டார்.

பின்கட்டில் ஒரு டிரம்மில் தண்ணீர் நிரப்பிப் பம்பை இறக்கி வைத்திருந்தார்கள். ஒவ்வொரு போர்டாக மாட்டினோம். ஒன்று ஓடியது, இரண்டு ஓடியது. நான் வெடிக்க வைத்த போர்டு கடைசி. கொஞ்சம் திக்கியது, பிறகு தண்ணீர் பீச்சியடித்து டீலரின் இஸ்திரிச் சட்டையை நனைத்தது. ஆறும் ஓடிவிட்டன.

டீலர் சட்டையைத் துடைத்துக்கொண்டே மேசையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார். பம்பு கம்பெனிக்கு அனுப்ப வேண்டும், மாவட்டத்துக்கு ஒரு பழுதுபார்ப்பு நிலையம், ஒரு பெயர்தான் என்றார். என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு அண்ணன் பக்கம் திரும்பி, உங்கள் பெயரையே போட்டுவிடலாம், கடை வைத்திருக்கிறீர்கள், இந்த அம்மா வீட்டில் இருக்கிறவங்கதானே என்றார்.

எனக்கு முகம் சூடேறிவிட்டது. அவ்வளவு நேரம் அத்தனை பேசிய வாய், வேண்டிய இடத்தில் அடைத்துக்கொண்டது. அண்ணன் தலையாட்டியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆட்டினால் நான் குற்றம் சொல்லவும் முடியாது, அவருக்கும் அந்த வேலை அத்தனை தேவை.

அவர் படிவத்தை எடுத்து என் முன்னால் தள்ளினார். "நாலு போர்டுல பழுது எங்கன இருக்குன்னு இந்தத் தங்கச்சிதான் காட்டுச்சு. நான் சால்டர்தான் வச்சேன். மிசின் பாக்கத் தெரிஞ்சவுக பேருதான் இதுல இருக்கணும்" என்றார்.

"அப்ப ஒங்களுக்கு?" என்றார் டீலர்.

"எம் பேரு எங்கடைக்கு மேல பெயின்ட்ல இருக்கு. எனக்குப் போர்டு வந்தாப் போதும்."

கிழக்கே வருகிற போர்டெல்லாம் கறம்பக்குடிக்குத்தான் போக வேண்டும், அதற்குச் சம்மதம் என்றால்தான் எழுதுவேன் என்று சொன்னேன். டீலர் சரி சரி என்று அவசரமாகப் பேனாவை நீட்டினார். பெயர் எழுதினேன், ஊர் எழுதினேன். மூன்றாவது கட்டம், தொழில். ரேஷன் கடையிலிருந்து பேங்க் வரைக்கும் இத்தனை வருடமாக எந்தப் படிவத்தில் அந்தக் கட்டம் வந்தாலும் இல்லத்தரசி என்று என் கணவர்தான் எழுதுவார், நான் கையெழுத்து மட்டும் போடுவேன். எலக்ட்ரானிக்ஸ் டெக்னீஷியன் என்று எழுதினேன். பேனாவில் மை சரியாக இறங்கவில்லை. அண்ணன் தன் பேனாவை எடுத்துக் கொடுத்தார், அதை வாங்கி அந்த எழுத்துக்களின் மேலேயே இன்னொரு தடவை அழுத்தி எழுதினேன்.